ஒழுகாத சாடி

மச்சாள்,

நேற்றுக் காலை சுவர் மணிக்கூடு நின்றுபோனது. கதிரையில் ஏறி அதன் பற்றரியைக் கழற்றினேன். மருமகள் குப்பை வாளியை நீட்டி, "செத்துப்போச்சு மாமி, இதுக்குள்ளை போடுங்கோ" என்றாள். என் கை வாளிப் பக்கம் போக மறுத்துவிட்டது. பற்றரியோடு பின்வளவுக்குப் போய்க் குந்தியிருந்து, ஒரு கல்லை எடுத்து அதன் வயிற்றை உடைத்தேன். உள்ளே கிடந்த கறுத்த மா விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். அதே காரவாசம்! அவ்வளவுதான், தனியாக இருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டேன். மருமகள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாமிக்கு விசர் என்று மகனிடம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். எனக்கு விசர் பிடித்தது இன்று நேற்றா? நீ வந்த நாளிலேயே பிடித்துவிட்டது.

உன்னுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு மயிலிட்டிக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனுசன் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து உன்னோடு சண்டை பிடிக்கவேண்டும், உன் முதுகில் ஒன்று போடவேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. நீயோ இல்லை. அதனால் எழுதுகிறேன். அவர் சொன்னதைக் கடைசியில்தான் எழுதுவேன். அது உனக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்குத்தான் இத்தனை காலம் தெரியாமல் இருந்தது. முதலில் எனக்குத் தெரிந்த கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீ அவசரக்காரி, குறுக்கே விழாதே.

ஆமி ஊரைப் பிடிக்க, மயிலிட்டிச் சனம் உடுத்த உடுப்போடு எழும்பி வந்த தொண்ணூறாம் ஆண்டு அது. பண்டத்தரிப்பில் எங்கள் வளவின் பின்பக்கத்துக் கொட்டிலில் நீயும் உன் மனுசனும் வந்து இருந்தீர்கள். உங்களுக்குக் கலியாணம் முடிந்து கொஞ்சக் காலம்தான். முன்வீட்டில் ஐயாவும் நானும். ஐயா சக்கரத்தில் இருந்து சட்டி பானை வனைவார். மண் அரிப்பதும் மிதிப்பதும் சூளை அடுக்கி எரிப்பதும் என் பாடு. என் கைபட்ட பானையை ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. வந்த சூட்டோடு அந்த மிதப்பை நீ இறக்கிவைத்தாய்.

"உம்மடை பானை வேர்க்குது, பாரும்" என்று ஒரு பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். உப்புத்தண்ணீரில் சூடை மீன் போட்டு வைத்திருந்த பானை. வெளிப்புறம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, மேல்தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

"பானை எண்டால் வேர்க்கத்தான் செய்யும். தண்ணி குளிரவேண்டாமோ?" என்றேன்.

"எனக்குத் தண்ணி குளிரவேண்டாம். மீன் கிடக்கவேணும்."

"அப்ப பீங்கான் சாடி வாங்கும்."

"எங்கை விக்குது? காட்டும், வாங்கிறன்."

அரசாங்கம் தடை போட்டிருந்தது. சாமான் வராத காலம். பிளாஸ்ரிக் வாளிகூடக் கண்ணில் காணக் கிடையாது. உங்கள் வீட்டுச் சாடிகள் எல்லாம் மயிலிட்டியில், யாரும் போகமுடியாத இடத்தில் கிடந்தன. உன் மனுசன் மாதகல் கரையில் இறங்கி வீச்சுவலை வீசிக் கொண்டுவருகிற மீன், ஐஸ் இல்லாமல் மத்தியானமே நாறத் தொடங்கிவிடும். கருவாடு போடவும் வழியில்லை. ஹெலிகொப்டர் சுற்றினால் கடற்கரையில் நிற்கமுடியாது, மாரி தொடங்கினால் வெயிலும் இல்லை. உப்பும் பழப்புளியும் போட்டுச் சாடியில் அடைத்து வைத்தால் மட்டுமே அந்த மீனை நம்பி நீங்கள் இங்கே சீவிக்கலாம்.

மன்னாரில் இருந்த உன் தம்பி, வருகிற போகிற ஆட்களிடம் எல்லாம், அக்காவை இங்கே வரச்சொல்லுங்கள், இங்கே கடல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான். உன் மனுசனுக்கும் போகத்தான் விருப்பம். உனக்கு இல்லை. ஆமி ஊரைத் திரும்ப விட்டால் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும் என்பாய். இருவரும் இழுபறிப்பட்டுக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். அதை என்னிடம் நீ சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது: "சாடி ஒழுகாமல் நிண்டால் நாங்கள் நிப்பம். சாடி நிக்காட்டி மன்னார்தான். மனுசனிட்டைச் சொல்லிப்போட்டன்."

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உன்மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. என் பானையைக் குறை சொன்னவளின் முன்னால் ஒரு சாடியை வைத்து வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சிப்பி போடலாம் என்றது நீதான். "சுவருக்குப் பூசச் சிப்பி, வெத்திலைக்குச் சிப்பி. பானைக்கு மட்டும் ஏன் கூடாது? போட்டுப் பாப்பம்." அந்தப் "போட்டுப் பாப்பம்" என்ற சொல்லை உன் வாயால் அன்றுதான் முதலில் கேட்டேன். உன் மனுசன் கரையிலிருந்து சிப்பியை அள்ளிவந்தார். நாங்கள் அதை உரலில் இட்டுக் குருணலாக இடித்து, மண்ணோடு சேர்த்து மிதித்தோம். ஐயா முணுமுணுத்துக்கொண்டே வனைந்து தந்தார். சூளை ஆறித் திறந்தபோது வந்தவை என்ன பானைகள்! தட்டினால் கிண் என்று சத்தம். கல் மாதிரி உறுதி. ஐயாகூட ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப வைத்தார். நான் பானைகளை முற்றத்தில் வரிசையாக வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

பிறகு மழைக்குணம் வைத்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முற்றத்தில் "டிக்" என்றது. பிறகு "டிக் டிக்". அந்தக் காலத்தில் வெடி மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். ஐயா சோற்றுக் கோப்பையோடு மேசைக்குக் கீழே போய்விட்டார். நானும் நீயும் குப்புற விழுந்தோம். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், பானைகள்! ஒவ்வொரு பானையும் தன்பாட்டில் செதில் செதிலாக வெடித்துக்கொண்டிருந்தது. பொழுதுபடமுன் அத்தனையும் ஓட்டுக் குவியல்.

சிப்பி நெருப்பில் வெந்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் ஈரம் பட்டால் அது நீறி ஊதும். வீட்டுக்கு வீடு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுகிற ஊரில் பிறந்த இரண்டு பேருக்கும் அந்த நேரம் அது மூளையில் ஏறவில்லை! நான் அழத் தொடங்கினேன். நீ என்னைப் பார்த்தாய், மேசைக்குக் கீழே இன்னும் சோறு தின்றுகொண்டிருந்த ஐயாவைப் பார்த்தாய், சிரிக்கத் தொடங்கினாய். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாய். எனக்கும் அழுகை சிரிப்பாக மாறிவிட்டது. "எடியே மச்சாள், நாங்கள் பானை சுடேல்லை, வெத்திலைக்குச் சுண்ணாம்பு சுட்டிருக்கிறம்" என்றாய். நீர், உம் என்ற மரியாதைப் பேச்செல்லாம் அன்றோடு போய்விட்டது. அன்றிலிருந்து நான் உனக்கு மச்சாள், நீ எனக்கு மச்சாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு! சூளைக்குள் போகாத சாமான் இந்த ஊரில் இல்லை. இறால் கோதை இடித்து மண்ணில் குழைத்தோம். எரித்த அன்று ஊர்ப் பூனைகள் எல்லாம் சூளையைச் சுற்றிக் குந்தியிருந்தன. உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துப் பூசினோம். வானம் போல ஒரு சட்டி வரும் என்று நம்பியிருந்தோம், வந்தது சாம்பல் நிறம். தேங்காய்த் தும்புத் தூள் போட்ட பானை நல்ல லேசாக வந்தது. தண்ணீர் வார்த்தால் வடிதட்டுப்போல வடிந்தது. மாட்டெலும்பைச் சுட்டு இடித்தோம். கரையில் ஒதுங்குகிற கடற்சாதாழையை எரித்துச் சாம்பலாக்கினோம். ஒவ்வொரு முறையும் சூளைக்கு நெருப்பு வைக்கமுன் ஐயா பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார், நீ அந்தோனியாரை வேண்டிச் சிலுவை போட்டுக்கொள்வாய். "ரண்டு பேரிலை ஆரெண்டாலும் ஒராள் பாக்கட்டும்" என்பாய். ஐயாவுக்கு அதில் கோபம் வந்ததில்லை. அவருக்குக் கோபம் விறகில்தான். "ரண்டு விசரியளும் என்ரை பனையோலை முழுதையும் எரிச்சு முடிக்கப்போறியள்" என்று கத்துவார்.

நான் அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மேலே விமானம் சுற்றும், கடையில் சவர்க்காரம் இருக்காது, மண்ணெண்ணெய்க்கு நாள் முழுக்கக் காத்து நிற்கவேண்டும். ஆனால் காலையில் கண் விழித்தவுடன் எனக்கு வருகிற யோசனை, இன்றைக்கு எதைப் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான். ஒரே மண்ணை ஒரே மாதிரி மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு மண் என்பது இவ்வளவு பெரிய விளையாட்டு என்று யார் சொன்னார்கள்? நீ வந்துதானே தெரிந்தது.

கண்ணாடியும் உன் யோசனைதான். உடைந்த பீங்கான் துண்டு ஒன்றைக் கிணற்றடியில் கண்டெடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாய். "மச்சாள், உதின்ரை மேலை கிடக்கிறது கண்ணாடி மாதிரி எல்லோ கிடக்கு. மண்ணுக்குச் சட்டை போட்டிருக்கினம். நாங்களும் ஒரு சட்டை தைச்சுப் போடுவம்." மருந்துப் போத்தல் ஒன்றை உடைத்து ஒரு சட்டிக்குள் போட்டு, சூளையின் நடுவில், நெருப்புக் கூடிய இடத்தில் வைத்தோம். எடுத்தபோது அடியில் மட்டும் பச்சையாக உருகி, குளம்போல உறைந்து கிடந்தது. தண்ணீர் வார்த்தாய். நாங்கள் இருவரும் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த இடத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை! நான் போட்ட கூச்சலில் ஐயா சக்கரத்தை விட்டு எழும்பி ஓடிவந்தார்.

கண்ணாடிக்கு அந்தக் காலத்தில் பஞ்சம் இல்லை. குண்டு விழுந்த திசையில் யன்னல்கள் எல்லாம் உதிர்ந்து கிடக்கும். நீ சாக்கோடு கிளம்பிவிடுவாய். ஒரு வீட்டுக்காரி உன்னைப் பிடித்து ஏசியிருக்கிறாள், எங்கள் வீடு உடைந்து கிடக்கிறது உனக்குக் கண்ணாடியா கேட்கிறது என்று. நீ சாக்கைக் கீழே போட்டுவிட்டு அவளோடு சேர்ந்து வீடு முழுவதையும் கூட்டிக் கழுவிக் கொடுத்திருக்கிறாய். கண்ணாடித் துண்டுகளை அவளே அள்ளிச் சாக்கில் கட்டித் தந்து அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லவில்லை. பிறகு அவள் சாடி வாங்க வந்தபோது சொன்னாள்.

ஈரத் துணியால் உரலை மூடிக்கொண்டு கண்ணாடியை இடித்தோம். மா பானையில் ஒட்டவில்லை. கஞ்சியில் குழைத்தோம், ஒட்டியது. ஒட்டியது உருகவில்லை, நகை ஒட்டப் போடுகிற வெண்காரம் ஞாபகம் வந்து பத்தரிடம் போய்க் கெஞ்சி ஒரு காகிதச் சரை வாங்கிவந்தோம். விறகின் சூடு போதவில்லை. பனங்கொட்டை ஊமலைக் கூடை கூடையாகக் கொட்டினோம், சூளை வெள்ளையாக எரிந்தது. ஒன்று சரிவந்தால் இன்னொன்று பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் பிழை சின்னதாகிக்கொண்டே வந்தது.

பற்றரியின் கறுப்பு, நீ எதையும் சும்மா விடாததால் வந்தது. அந்தக் காலத்தில் செத்த பற்றரிக்கும் மரியாதை இருந்தது. வெயிலில் காயவைத்து, உப்புத்தண்ணீர் ஏற்றி, அதிலும் கடைசி மூச்சு இருக்கும்வரை றேடியோவில் செய்தி கேட்பார்கள். எந்த வைத்தியத்துக்கும் எழும்பாத பற்றரியைத்தான் நீ கேட்டு வாங்குவாய். உடைத்து அந்தக் கறுத்த மாவைக் கண்ணாடி மாவில் கலந்து பூசினோம். வெளியே வந்தது, பழுத்த நாவல் பழத்தின் நிறம்! நான் உள்ளேயும் பூசுவோம் என்றேன். நீ விடவில்லை. "உள்ளுக்கை வேண்டாம். வெளியாலை வடிவுக்குப் போடு. உள்ளுக்கை கிடக்கிறதை ஆக்கள் தின்னிறவை." யாரோ ஒருவர் கார் பற்றரியின் ஈயத்தைப் போட்டால் நன்றாக உருகும் என்று சொன்னபோதும் இப்படித்தான் ஒரேயடியாகத் தலையை ஆட்டினாய்.

அந்த நேரத்தில்தான் உன் தம்பி வருகிறானாம் என்று ஆள் வந்து சொன்னது. இருட்டில், நேவிக்குப் பயந்து கடலேரி கடந்து வரவேண்டும். அந்தப் பாதையில் இரண்டாம் தரம் யாரும் விரும்பி வருவதில்லை. வந்தால் உங்களைக் கூட்டிக்கொண்டு அன்றே திரும்பிவிடுவான். உன் வாயை அடைக்கச் சாடி செய்யத் தொடங்கியவள், உன்னை மறிக்கச் சாடி செய்துகொண்டிருந்தேன். எப்போது அப்படி மாறியது என்று எனக்கே தெரியவில்லை. நீ போய்விட்டால் நான் மறுபடியும் பழைய மண்ணைப் பழையபடி மிதித்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஐயா வயிறு அகன்ற ஒரு சாடி வனைந்து தந்தார். உள்ளே கண்ணாடி, வெளியே பற்றரிக் கறுப்பு. தம்பி வருகிற நாளுக்கு முதல்நாள் சூளையைத் திறந்தோம். சாடி உள்ளும் புறமும் மினுங்கியது. முகம் தெரிந்தது, மச்சாள்! என் முகமும் உன் முகமும் சாடியின் வயிற்றில் அகலமாகத் தெரிந்தன. நான் சூளையைச் சுற்றி ஆடினேன். வெட்கம் கெட்டு, வளவுக்கு வெளியே சனம் நின்று பார்க்கப் பார்க்க ஆடினேன். நீ கைதட்டினாய்.

சோதிக்கிற முறை எங்களுக்கு ஒன்று இருந்தது. காய்ந்த அடுப்புச் சாம்பலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, உப்புத்தண்ணீரை வாய்வரை நிரப்பி விடுவோம். ஒரு துளி கசிந்தாலும் சாம்பல் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். சாம்பலோடு பேரம் பேசமுடியாது என்று நான் பெருமையாகச் சொல்வேன். சாடியை உங்கள் கொட்டிலிலேயே வைத்தோம்.

விடிந்ததும் ஓடிவந்தேன். உன் தம்பி ஏற்கெனவே வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சாடியின் கீழே சாம்பல் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. நான் "நிண்டுட்டுது! நிண்டுட்டுது!" என்று கத்தி உன்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். உன் தம்பி குந்தியிருந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தான். விரல்களை உரசிப் பார்த்தான். "சரி அக்கா, சொன்ன சொல்லுத்தான். நிண்டுட்டுது" என்றான். உன் மனுசன் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாதகலுக்குப் போய்விட்டார். தம்பி பின்னேரம் தனியாகத் திரும்பினான். அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த நாளே நீ வந்து, "மச்சாள், இன்னொருக்காச் சுடுவம்" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நிண்ட சாடி நிக்குது. என்னத்துக்கு இன்னொருக்கா?"

"உள்ளுக்கை மயிர் மாதிரிக் கீறல் கிடக்கு. வடிவில்லை."

"மீனுக்கு வடிவு தெரியுமோ?"

"எனக்குத் தெரியுமெல்லோ. இன்னும் மினுங்கவேணும்."

விடவேயில்லை நீ. அதோடு நின்றாயா? மறுபடியும் சிப்பி போடுவோம் என்றாய். சிப்பி! நான் காதைப் பொத்திக்கொண்டேன். குருணலாகப் போட்டதால்தான் வெடித்தது, முகத்துக்குப் பூசுகிற பவுடர்போல அரித்துப் போடுவோம், கடலில் இருந்து வந்த சாமானைக் கடல் தண்ணீரிலேயே குழைத்துப் பார்ப்போம் என்றாய். எந்த நியாயத்தில் அப்படிச் சொன்னாய் என்று உனக்கும் தெரியாது. அரிப்பதற்குத் தோதான துணி இல்லை என்று நான் சாக்குச் சொன்னேன். உள்ளே போய் உன் கலியாணச் சீலையைக் கொண்டுவந்து, என் கண்ணுக்கு முன்னால் முந்தானையை டர் என்று கிழித்தாய். மினுக்கத்துக்காக இவ்வளவா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உன் மனுசன் மாதகலில் இருந்து சைக்கிளில் தகரக் கான் கட்டிக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு நாளும் எதற்கு என்று கேட்கவில்லை. அவரைப் பார்த்து நான் நினைத்தேன், பெண்சாதியின் விசருக்கு இப்படி ஈடுகொடுக்கிற மனுசனும் உண்டா என்று.

அந்தச் சாடி வந்தபோது நான் உன் காலில் விழாத குறை. கீறல் என்பதே இல்லை. கண்ணாடி மண்ணோடு தோல்போலப் பிடித்திருந்தது. வெடிக்கவும் இல்லை. மாரி முழுக்க வெளியே வைத்துப் பார்த்தோம், டிக் என்ற ஒரு சத்தம் இல்லை! சிப்பியும் கடல் தண்ணீரும் சேர்ந்து மண்ணுக்குள் என்ன கதைத்துக்கொண்டன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை செய்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாச் சாடியும் அந்த மண்ணில்தான். உன் மீன் பண்டத்தரிப்புச் சந்தைக்கு வந்தது. ஊறுகாய்க்கு, நல்லெண்ணெய்க்கு, கிடைத்த மண்ணெண்ணெயை ஒளித்துவைக்க என்று நெல்லியடியில் இருந்துகூட ஆட்கள் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் சாடியை மட்டும் நீ உன்னோடு வைத்துக்கொண்டாய். அதில் மீன் போடவே இல்லை. அரிசிதான் போட்டாய். ஆசையில் அப்படிப் பத்திரப்படுத்துகிறாய் என்று நினைத்து நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் ஒரே நாளில் எழும்பியபோது சாடிகளை விட்டுவிட்டுப் போனோம். கைதடிப் பக்கத்துச் சனநெருக்கத்தில் உன் கை என் கையில் இருந்து நழுவியது. நான் திரும்பி ஊருக்கு வந்தேன். நீங்கள் வன்னிக்குப் போய், அங்கிருந்து கடைசியில் மன்னாருக்கே போய்ச் சேர்ந்தீர்கள். வருஷக்கணக்காக ஒரு செய்தி இல்லை. ஆமிக்காரர் மயிலிட்டியைத் திரும்ப விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நரைத்த தலையோடு நீ வந்து இறங்கிய அன்று என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "மச்சாள், இப்ப என்னத்தைப் போட்டுச் சுடுறாய்?" என்பதுதான். நான் சுகமாக இருக்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லை.

இனி உன் மனுசன் சொன்னதை எழுதுகிறேன்.

பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வழக்கம்போல நான் அந்த முதல் சாடியின் புகழ் பாடிக்கொண்டிருந்தேன். சாடி செய்து உன்னை மறித்தவள் நான்தான் என்று உன் பிள்ளைகளுக்கு நூறாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"தங்கச்சி, இனிச் சொன்னால் குற்றமில்லை. அண்டைக்கு அந்தச் சாடி நிக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"விடியப்புறம் பாக்கேக்கை சாம்பல் எல்லாம் ஊறிச் சேறாய்க் கிடந்தது. இவள் எழும்பி, அதை அள்ளி வேலிக்கு அங்காலை கொட்டிப்போட்டு, அடுப்படியிலை இருந்து புதுச்சாம்பல் கொண்டுவந்து பரப்பினவள். சாடியின்ரை அடியைச் சீலைத் தலைப்பாலை துடைச்சு, தம்பி வாற சத்தம் கேட்டாப்பிறகுதான் அதிலை தூக்கி வைச்சவள். நான் பாயிலை கிடந்து பாத்துக்கொண்டிருந்தனான். எனக்கு மன்னாருக்குப் போகத்தான் ஆசை. ஆனா அதைப் பாத்தாப்பிறகு என்னாலை வாய் திறக்கேலாமல் போச்சு."

"ஏன் அண்ணை என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொல்ல விட்டாளே! அவள் என்ன சொன்னவள் தெரியுமே? 'மச்சாள் சாடி செய்வாள். இண்டைக்கு வராட்டி நாளைக்கு வரும். தம்பிதான் நாளைக்கு நிக்கமாட்டான்' எண்டவள்."

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். உன் மனுசன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவர் வருவதற்குள் நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். கள்ளி! உள்ளே கீறல் கிடக்கிறதாம், வடிவில்லையாம். கலியாணச் சீலையைக் கிழித்தது மினுக்கத்துக்காம். நான் சூளையைச் சுற்றி ஆடிய ஆட்டத்தைக் கெடுக்க மனம் வராமல், ஒழுகுகிற சாடியைத் தூக்கி அரிசி போட்டு வைத்துக்கொண்டு, ஒழுகாத சாடியை என் கையாலேயே செய்வித்திருக்கிறாய். உன் முதுகில் ஒன்று போடவேண்டும் என்று சொன்னேனே, இதற்குத்தான்.

ஒரு சாடியைச் செய்து உன்னை மறித்தேன் என்று இத்தனை காலம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமை உங்கள் வேலியடியில் கொட்டுண்டு போய்விட்டது. போகட்டும். மயிலிட்டியில் இருந்து பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை, யன்னலோரம் இருந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்குச் சாடி செய்ய வரும் என்று எனக்கே தெரியாத அன்றைக்கு உனக்குத் தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் நீ நின்றாய்.